கடைவாய் வழியே போன காற்று

மாமனார் மருந்துப் பொடியை மூச்சில் இழுத்துவிட்டு வைத்துப் போன உறிஞ்சு கருவியைக் கழுவத் திறந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கேப்ஸ்யூல், ஊசி குத்திய துளைகளோடு, பொடி துளியும் குறையாமல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. வழக்கமாகக் கழுவுகிற அத்தை அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை பார்ப்பதெல்லாம் கருவி பளபளக்கிறதா என்பதை மட்டும்தான். கேப்ஸ்யூல் நேராகக் குப்பைக்குப் போய்விடும்.

பொடி மருமகளின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நுரையீரல் பூஞ்சையைக் கொல்லும் அசல் மருந்து இருக்கிறதே, அதற்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. ஏழு கடலில் போட்டுக் கலக்கினாலும் மாப்பிள்ளை முறுக்கோடு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றைக் கலக்கிவிட்டு வந்த வழியே போகும். நுரையீரலில் பூஞ்சை சௌக்கியமாக இருக்கும். அவளும் அவள் கூட்டமும் அதைச் சர்க்கரை ஜாதிப் பொருளோடு சேர்த்துக் கரைத்து, சூடான காற்றில் தெளித்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக்கினார்கள். நுரையீரலின் ஈரம் பட்டாலே கரைகிற அளவுக்கு அதன் முறுக்கை உடைப்பதற்குள் அவள் தலைமுடி பாதி உதிர்ந்துவிட்டது. மீதி, மாமனாருக்கு அந்த மருந்து கேட்கவில்லை என்றானபோது உதிர்ந்தது.

நாளை டாக்டர் பார்க்கிறார். நெஞ்சுப் படத்தில் மாற்றம் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட்டு, இடது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அப்புறம் மாமனார் ஆயுசு முழுக்க வாசித்த கிளாரினெட்டைத் தொடவே முடியாது. "ஊருக்கெல்லாம் கேக்குது, எங்கப்பாவுக்கு மட்டும் கேக்கலையே" என்று கணவன் ஒரே ஒரு முறை சொன்னான். அது போதுமானதாக இருந்தது.

"மாமா, இதை இழுத்தீங்களா?"

"இழுக்காம? தெருவுல யாருக்கும் காத்து மிச்சமில்ல, போய்ப் பாரு."

"மருந்து அப்படியே இருக்கு."

"பொடிக்காரி நீயா, நானா?"

"என் முன்னாடி ஒரு தடவை செய்யுங்க."

அவர் முகம் சுருங்கிற்று. மருமகள் எதிரே இருமவே கூசுகிறவர். மருந்து எடுப்பது எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுக்க வந்தபோதும், "வாயில வைக்கிறதுக்கு எனக்கே பாடமாம்மா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நர்ஸும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"நாளைக்குக் கத்தியைப் பத்திப் பேசப் போறாங்க, மாமா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவியை உதட்டில் பொருத்தி இழுத்தார். என்ன இழுப்பு! மார்பு அலமாரிபோல் விரிந்தது. ஜன்னல் திரை அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்ததாக அவளுக்குப் பட்டது. ஆனால் கருவி ஊமையாக இருந்தது. கேப்ஸ்யூல் உள்ளே சுழன்று கிர்ர்ரென்று சத்தம் போட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கேட்டுக் கேட்டு அவள் கனவிலும் வருகிற சத்தம்.

அவள் குனிந்து அவர் வாயைப் பார்த்தாள். நடு உதடு கருவியைக் கவ்வியிருந்தது. இரண்டு ஓரமும் லேசாகத் திறந்திருந்தன.

"வாசிக்கும்போது மூச்சு எப்படி எடுப்பீங்க?"

"கடைவாயிலதான். உதட்டை எடுத்தா பிடி போயிடும். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே எங்க வாத்தியார் அடிச்சு அடிச்சு…" சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தனை மாசமா?"

"வெறும் காத்து, மாமா. எல்லாம் கடைவாய் வழியா."

அவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்."

"எனக்கும் கேட்டுச்சு."

"சத்தமாவா திட்டினேன்?"

"பக்கத்து வீட்டுக்காரங்க வரைக்கும் கேட்டுச்சு."

மறுபடி முயன்றார். மூச்சு வந்ததும் ஓரங்கள் தாமாகத் திறந்துகொண்டன. இறுக்கினார், உதடு நடுங்கிற்று, திறந்தது. ராஜ்ஜியமே அடங்கினாலும் அந்த இரண்டு ஓரங்கள் அடங்கா. நெற்றி வியர்த்துவிட்டது.

"நாளைக்குள்ள இது எங்க சொன்னபடி கேக்கப்போகுது" என்றார் தரையைப் பார்த்தபடி. பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "பிடிச்சுக்கோயேன்."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். எதிரே முழங்காலிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவர் வாயின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். முள்ளுமுள்ளாக நரைத்த தாடி குத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னங்கள் குழிந்தன. கருவிக்குள் கேப்ஸ்யூல் புரண்டது, தயங்கியது, பிறகு கிர்ர்ரென்று சுழலத் தொடங்கியது. அந்த அதிர்வு அவர் எலும்பு வழியே அவள் விரல் நுனிகளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.