எஞ்சினில் படிந்த தார்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, கூச்சத்தில் பிறந்தது. என்னால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அதைச் சொல்ல மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

'ஒரு பொறியாளர் இருந்தார். நல்லவர். அவருக்கு...'

[நிறுத்திவிட்டேன். 'அவர்' என்று எழுதினால் வெட்கம் பாதியாகக் குறைகிறது. அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். அந்தப் பொறியாளர் நான்தான். 'நல்லவர்' என்பதையும் அடித்துவிடுங்கள்.]

2

விஷயம் புரிய ஒரு சின்னப் பாடம் வேண்டும். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

மரத்துண்டை நிறையக் காற்று விட்டு எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். மூடிய கலனுக்குள் கஞ்சத்தனமாகக் காற்று விட்டு அரைகுறையாக எரித்தால், எரியக்கூடிய வாயு கிடைக்கும். அந்தக் கலன்தான் கேஸிஃபையர். வாயுவோடு தாரும் வரும். ஆறினால் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

கீழிழுப்புக் கலனில் வாயு கீழே இறங்கி, குறுகிய கழுத்தில் கனன்றுகொண்டிருக்கும் கரியைக் கடக்கிறது. அந்தச் சூட்டில் தார் பெரும்பாலும் சிதைந்துவிடும். எஞ்சினுக்கு அதுதான் ஏற்றது. மேலிழுப்புக் கலனில் காற்று அடியில் நுழைகிறது. வாயு இன்னும் எரியாத மரத்தின் ஊடே மேலேறித் தாரையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. உலையில் நேரே எரிக்கலாம், குறையில்லை. எஞ்சினுக்கு ஆகாது.

(அடிக்குறிப்பு மாதிரி: குறுக்கிழுப்பு என்று ஒன்று உண்டு, அதற்குக் கரிதான் தோது. சுடுமணல் குமுறிக்கொண்டிருக்கும் படுகை வகையும் உண்டு, பெரிய ஆலைகளுக்கு. இரண்டும் கதைக்குத் தேவையில்லை. தேவையானதைச் சொல்லத் தயங்கும்போது தேவையில்லாததைச் சொல்கிறேன்.)

3

மரப்பட்டறை முதலாளி, எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்க ஒரு கலன் கேட்டார். வேறொருவர் வேண்டாமென்று விட்டுப்போன மேலிழுப்புக் கலன் ஒன்று என் கொட்டகையில் கிடந்தது. வடிகட்டி போட்டால் சமாளிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே மாட்டிவிட்டேன்.

அதை ஓட்டியவரை எல்லோரும் 'எஞ்சின் அக்கா' என்பார்கள். வாரம் இரண்டு முறை வால்வு ஒட்டிக்கொள்ளும். அக்கா கழற்றிச் சுரண்டுவார். அவர் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. ஒருநாள் எஞ்சின் அடியோடு நின்றது. என்னையும் வரவழைத்தார்கள்.

"வடிகட்டிய ஒழுங்கா கழுவினியா?" என்றார் முதலாளி.

"தெனமும் கழுவறேன் முதலாளி. எவ்வளவு கழுவினாலும் வந்துகிட்டே இருக்கு. வேணும்னா சாரையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

[இங்கே எனக்கு நானே ஒரு வீர வசனம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.]

"பராமரிப்பு கொஞ்சம் முக்கியந்தான்" என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வாரமே அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

4

இந்தக் கதையை மூன்றாம் முறை எழுதிய பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். பாராட்டு வேண்டித்தான் போனேன், வேறென்ன. வாசலில் நின்றபடியே முழுதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். எனக்கே அழுகை வருது."

என் மனம் குளிர்ந்தது. அதுவும் வெட்கக்கேடு.

"நான் கழுவாமத்தான் கெட்டுச்சுன்னு இன்னும் சொல்லிட்டு திரியறாங்க. வேற எடத்துலயும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க. இத முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா, இன்னும்..."

"மூணு தடவ எழுதறதுக்கு நேரம் இருந்துச்சே சார்."

தாள்களை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

5

முடிவு ஒன்று: முதலாளியிடம் போகிறேன். அக்கா வேலைக்குத் திரும்புகிறார்.

முடிவு இரண்டு: முதலாளியிடம் போகிறேன். அவர் என்னைக் கழுத்தைப் பிடித்து...

இரண்டும் 'போகிறேன்' என்றுதான் தொடங்குகின்றன. அதற்குமேல் என் பேனா நகரவில்லை. முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நழுவலாம்தான். ஆனால் இது உங்கள் வேலையல்ல. முதலாளிக்கு வேண்டியது இரண்டே வரிக் கடிதம்: தவறான கலனை மாட்டியவன் நான். அக்காமேல் குற்றமில்லை.

இதை நீங்கள் அச்சில் படித்துக்கொண்டிருந்தால், கதையை அனுப்பிவிட்டேன், கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்று அர்த்தம்.