இரைச்சலுக்குள் நாலு நிமிஷம்

கோட்டாறு ஸ்டூடியோவின் பின்னறையில் அந்தச் சனிக்கிழமை மதியம் ஐந்து பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு நேரே ரெஜிலா. அவளுக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஞானம். சுவரோரப் பெஞ்சில் அவர் மனைவி ஜெபகனி, மடியில் நோட்டும் பேனாவும். லைட்டுப் பெட்டியின் மேல் எடிட்டர் ஷிபின். முதலாளி தாணுமாலயன் மட்டும் உட்காராமல் கதவுநிலையில் சாய்ந்து நின்றார்.

ஜெபகனிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். குரல் போய்விட்டது. மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜெப்சிக்குத் திங்கட்கிழமை வயிற்றில் ஆபரேஷன். "அம்ம ஜெபிக்கத கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்" என்று போனில் ஒரே அழுகை. அம்மா எதைக்கொண்டு ஜெபிப்பாள்? ஆறு வருஷத்துக்கு முன் ஜெப்சியின் கல்யாணத்தன்று, சர்ச்சுக்குப் புறப்படுமுன் வீட்டில் ஜெபித்த நாலு நிமிஷம்தான் அந்தக் குரலில் மிச்சம். அந்த நாலு நிமிஷமும் இதே ஸ்டூடியோ எடுத்த வீடியோவில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சலுக்கு அடியில் கிடந்தது.

ஷிபின் இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டான். இரைச்சலை எடுத்தால் குரலும் கூடவே போனது. குடத்துக்குள் இருந்து யாரோ பேசுவது போல ஆனது. அதனால்தான் சவுண்டு வேலை தெரிந்த ரெஜிலாவைக் குழித்துறையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் ஹெட்போனை மாற்றிக் கேட்டாள், இரைச்சல் போகவில்லை. பிறகு சர்ச்சில் எடுத்த பாகத்தைக் கேட்டாள். அதில் இரைச்சலே இல்லை. ஒவ்வொன்றையும் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டாள். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு நிதானமாகத் துழாவுகிறவளைப் பார்ப்பது போல ஞானம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வீட்டுல சீரியல் பல்பு போட்டிருந்தியளா?"

"வாசல்ல இருந்து முருங்கமரத்து மூடு வரைக்கும்."

"மைக்கு வயரையும் அதுகூடச் சேத்துக் கட்டியிருப்பாவ. இது கரண்டு இரைச்சலாக்கும்."

அடிக்குரல் பக்கம் எதையோ நறுக்கினாள். பெரிய முழக்கம் அடங்கியது. ஆனால் கொசு பாடுவது போல ஒன்று மிஞ்சி நின்றது.

"இதுக்கு இரைச்சலை மட்டும் தனியா மெஷினுக்குக் காட்டணும்" என்றாள்.

"நானும் காட்டினேனே, மாமி பேச்ச நிறுத்தி மூச்செடுக்க இடத்த" என்றான் ஷிபின்.

"அங்க மாமிக்க மூச்சும் உண்டும்லா. அதையும் குப்பைன்னு நீ சொல்லிக்குடுத்திருக்க. பின்ன மெஷின் என்னலே செய்யும்?"

"வேற இடம் எங்க இருக்கு? வீடியோ தொடங்குததே ஜெபத்துல இருந்துதான்."

ரெஜிலா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். பிறகு ஞானத்தின் பக்கம் திரும்பினாள். "மாமா, ஜெபத்துக்கு முன்ன தலைகுனிஞ்சு சும்மா இருந்தியளா?"

"பின்னே? மௌன ஜெபம் இல்லாம எங்க வீட்டுல ஜெபம் தொடங்காது மக்கா."

"அப்பம் அந்த இடம் எங்க?"

கதவுப்பக்கமிருந்து தாணுமாலயன் தொண்டையைக் கனைத்தார். "அது... நாந்தான் வெட்டச் சொன்னேன். எல்லாரும் கண்ண மூடிட்டு நிக்காவ, ஒருத்தரும் வாயத் தொறக்கல்ல. சவுண்டு போயிட்டுன்னு நெனச்சிட்டேன் ஓய்!"

ஞானம் சிரித்துவிட்டார். ஜெபகனியும் சிரித்தாள், சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

"பழைய டிஸ்க்கு இருக்கா அண்ணாச்சி?"

"நான் எதையும் அழிக்கதில்ல" என்று தாணுமாலயன் அலமாரியைத் திறந்தார். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவருக்குத் தலை நிமிர்ந்தது.

இருந்தது, பதினொரு வினாடி. தலைகுனிந்த வீடு, வெறும் இரைச்சல். ஏழாவது வினாடியில் யாரோ இருமினார்கள். ரெஜிலா அதற்கு முந்தைய ஆறு வினாடியை மட்டும் எடுத்து மெஷினுக்குக் காட்டினாள். ஒரே போடாகப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவை குறைத்தாள். பிறகு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தாள்.

"ஆண்டவரே, எம்பிள்ளய ஒம்ம கையில தாறேன். பத்திரமா பாத்துக்கிடும்..."

ஞானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "லேசா இன்னும் இரையுதே மக்கா?" என்றார்.

"கெடக்கட்டும் மாமா. மிச்சத்தையும் எடுத்தா குரல் செத்துரும்."

நிறுத்தத் தெரிந்த கையல்லவா அது என்று ஞானம் வியந்துகொண்டார். ஜெபகனி நோட்டில் எழுதி நீட்டினாள்: 'நான் இவ்வளவு வேகமாவா ஜெபிப்பேன்?' ரெஜிலா அதை வாசித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஆன்ஸ்லின் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறான். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் சத்தம் நசுங்கும் என்று ரெஜிலா சொன்னதால், ஞானம் அங்கேயே பேப்பர் வாங்கிக் கடிதம் எழுதினார். எந்த நிமிஷத்தில் ஜெபம் தொடங்குகிறது, எத்தனை சத்தம் வைத்துக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் வரிசையாகக் குறித்துவிட்டு, 'ரெஜிலா என்றொரு பிள்ளை உன் அம்மாவின் குரலை மீட்டுத் தந்திருக்கிறாள். உன் ஜெபத்தில் அவள் பெயரையும் சொல்' என்று முடித்தார். அடியில் ஜெபகனி, 'பயப்படாத மக்கா' என்று எழுதினாள்.

ரெஜிலா அந்தக் குரலைப் பதிந்து கொடுத்த பென்டிரைவைக் கடிதத்துக்குள் மடித்து, கவரைப் பசைபோட்டு ஒட்டி, ஓரத்தை நகத்தால் இரண்டு தடவை அழுத்தினார். ஸ்டூடியோ வாசலில் ஆன்ஸ்லினின் கார் வந்து நின்றது.

"பெட்டியில போடாத மக்கா, பாஸ்போர்ட்டுகூட வை" என்று ஆன்ஸ்லின் கையில் கொடுத்தார். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். கார் திருவனந்தபுரம் ரோட்டில் திரும்பியது.