எட்டாம் பேண்டு

நிச்சயதார்த்தத்துக்கு மாமனார் கொடுத்த போன் முஜீபின் வீட்டுக்குள் வேலை செய்யவில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான விஷயமாக அது இல்லை.

போனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. பூந்தமல்லியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சாதுல்லா, அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ஒரே மாதிரி இரண்டு வாங்கிவரச் செய்திருந்தார். ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று தனக்கு. நிச்சயத்தன்று நாற்பது பேர் முன்னால், தட்டில் பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தார். பெட்டி கைக்குக் கை மாறி, கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. அன்றைக்கே முஜீப் தன் பழைய போனை அம்மா ராபியாவுக்குக் கொடுத்துவிட்டான். அங்கேதான் பிசகிவிட்டான்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய வீடு அவர்களுடையது. புதுப் போனில் வாசலில் சிக்னல் இரண்டு கோடு தெரியும். கூடத்தில் ஒன்று. நடு அறையில் ஒன்றும் இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்து, ஏழரை மணிக்கு, நிச்சயமான பெண் அதீபாவுக்குப் போன் போடுவான். 'சாப்பிட்டீங்களா' என்பதற்குள் கட்டாகும். மாடிக்கு ஓடுவான். மாடியில் ஏரிக் கொசு ஆளைத் தூக்கியது. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பேசினான். மகன் ஏன் மாடிக்கு ஓடுகிறான் என்று ராபியா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்தது, தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள் என்று.

அதீபாவும் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று வாரமாக ஒரு போலீஸ்காரர் கதையைச் சொல்லப் பார்க்கிறாள். ஆறடி ஆள், ரத்தம் கொடுக்க வந்து மயங்கி விழுந்துவிட்டார். விழுந்த இடம் வரைக்கும்தான் முஜீபுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதற்குள் கட்டாகிவிடும். திரும்பக் கூப்பிட்டால் முதல் கேள்வி, "உங்கம்மா வந்துட்டாங்களா?"

முதலில் கிண்டலாகத்தான் கேட்டாள். பிறகு கிண்டல் போய்விட்டது. அவளுடைய அக்கா புருஷன் தாய் முன்னால் பொண்டாட்டியை யாரென்றே தெரியாதவன்போல் நடந்துகொள்கிறவன். பதினோரு வருஷமாக அக்கா அந்த வீட்டில் சமையலறையில்தான் புருஷனோடு பேசுகிறாள். நிக்காஹ்க்கு ஐந்து வாரம் இருக்கும்போது அதீபா நிதானமாகச் சொன்னாள்:

"அம்மா வந்தா போனைக் கட் பண்ற ஆளோட காலம் பூரா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. அத்தாகிட்ட ஒரு தடவ பேசிட்டுச் சொல்றேன்."

அதுவும் கட்டாகிவிட்டது. அவளே வைத்தாளா, போன் வைத்ததா என்று முஜீபுக்குத் தெரியவில்லை.

போன்தான் காரணம் என்று சொன்னால், உங்க அத்தா கொடுத்தது உதவாத போன் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் அவன் அம்மாவுக்குப் பயந்தவன். இரண்டில் எது மேல் என்று மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் ஆவடி மார்க்கெட்டில் ஜெகதீஷின் சர்வீஸ் கடைக்குப் போனான்.

ஜெகதீஷ் போனைத் திறக்கக்கூட இல்லை. மாடல் நம்பரை மட்டும் பார்த்தான்.

"அமெரிக்கா பீஸா? கட்ன பொண்ணு ஊட்டுல குடுத்தாங்களா?"

"இன்னும் கட்டல."

"அப்ப சீக்கிரம் கட்டிக்கோண்ணா. அதுக்கு முன்னாடி இத்தப் பாரு."

ஒரு பில்லின் பின்பக்கத்தில் 1, 3, 8, 40 என்று எழுதினான். முஜீபின் சிம் கம்பெனி இந்தப் பக்கம் ஓட்டும் பேண்டுகள் இவை என்றான். பேண்டு என்றால் காற்றில் போடும் ரோடு மாதிரி. மூன்றாம் பேண்டு வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். எட்டாம் பேண்டு மெதுவாகப் போகும், சுவரைத் துளைத்துக்கொண்டு நடு அறை வரைக்கும் வரும். அமெரிக்காவில் எட்டாம் பேண்டுக்கு வேலை இல்லை, அதனால் அங்கே விற்கும் இந்த மாடலில் அதை வைக்கவே இல்லை. நாற்பதும் இதில் இல்லை என்று 8, 40 இரண்டையும் அடித்துவிட்டு, தாளை நீட்டினான். வேறு கம்பெனிக்கு மாறினால் என்ன என்று முஜீப் கேட்டான். உங்கள் தெருவில் அவர்களுக்கு டவர் தூரம் என்றான் ஜெகதீஷ்.

முஜீப் அங்கேயே பழைய செட் ஒன்று வாங்கினான். திரை ஓரத்தில் கீறல் விழுந்த, இந்த ஊர் போன். அமெரிக்கப் போன் சட்டைப் பையில் தெரிகிற மாதிரி இருக்கட்டும், இது பேன்ட் பையில் கிடக்கட்டும் என்பது அவன் திட்டம். அசட்டுத் திட்டம்தான். இதுவரை நடந்த கட்டுகளுக்கு அதில் பதில் இல்லை.

ஞாயிறு காலை கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டச் சாதுல்லாவின் கடைக்குப் போனான். அவரோடு அதீபா பேசிவிட்டாளா என்று அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த அவருடைய போன் ஒரு தடவை அடித்து நின்றது. சாதுல்லா அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டி, படி இறங்கி, ரோட்டோரம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இளநீர்க்காரர், யாரும் சொல்லாமலே, தன் ஸ்டூலை நகர்த்திக்கொண்டார். சாதுல்லா இடது காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினார்.

அந்த நடை முஜீபுக்கு நன்றாகத் தெரியும். தினம் ஏழரைக்கு அவன் மாடிக்குப் போகிற நடை.

வியர்த்துப் போய்த் திரும்பி வந்தார். "எதிர்ல மெட்ரோவுக்குத் தூணு நட்டாங்கல்ல மாப்ள, அதுலேர்ந்து டவரே செத்துப் போச்சு."

"மாமா, உங்க சிம்மைக் கொஞ்சம் குடுங்க."

ஏன் என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார். பேன்ட் பையில் இன்னும் சிம் போடாமல் கிடந்த கீறல் போனில் முஜீப் அதைப் போட்டு அவர் கையில் கொடுத்து, கடைக்குப் பின்னால் இருக்கும் கோடவுனுக்குள் போய் நிற்கச் சொன்னான். ஜன்னல் இல்லாத இடம், சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்தது. பிறகு அவன் போய் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, தன் அமெரிக்கப் போனில் அவரைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாரு?"

"நான்தான் மாமா. இளநீர் வண்டிகிட்ட நிக்கிறேன்."

"உள்ள நல்லா கேக்குதே!"

"அந்த போன்ல கேக்கும். நீங்க வாங்கினதுல கேக்காது. இந்த ஊரு பேண்டு ஒண்ணு அதுல இல்ல." நேரில் வராத பேச்சு போனில் வந்தது. "நானும் வீட்டுல தினம் மாடியிலதான் நிக்கிறேன்."

"எத்தினி நாளா?"

"நீங்க குடுத்த நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நாப்பது பேரு முன்னாடி குடுத்தீங்க."

சிரிப்பு கடைக்குள்ளிருந்து நேராகக் கேட்டது, பிறகு போனிலும் கேட்டது. இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார். சாதுல்லா வெளியே வந்து, கீறல் போனை முஜீபிடமே கொடுத்துவிட்டு, தனக்கும் இதே மாதிரி ஒன்று வாங்கி வரச் சொன்னார். அமெரிக்கப் போன்கள் நிக்காஹ்க்குப் படம் எடுக்க ஆகும், தம்பி காதில் மட்டும் இது விழ வேண்டாம் என்றார். இளநீர் இரண்டு வெட்டச் சொன்னார்.

அன்று ஏழரைக்கு முஜீப் மாடிக்குப் போகவில்லை. நடு அறையில் கட்டிலில் உட்கார்ந்து அதீபாவைக் கூப்பிட்டான். மூன்று கோடு இருந்தது.

"அத்தா எல்லாம் சொன்னாங்க," என்றாள். "எட்டாவது பேண்டாமே."

"ஆமா."

"அப்ப கட்டானது எல்லாமே பேண்டாலதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மாமனாரே சாட்சி. எந்தப் பேண்டும் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. முஜீப் சுவரைப் பார்த்தான்.

"ரெண்டு தவிர," என்றான்.

"அந்த ரெண்டு?"

"அம்மா வந்தாங்க."

போனை ஒரு தடவை காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். மூன்று கோடும் அப்படியே இருந்தன. அவள்தான் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து ராபியா வெங்காயக் கூடையை எடுக்கக் கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு நேராகத்தான் இருந்தது. அதை எடுத்தான்.

"அதீபாதாம்மா," என்றான். "பேசிட்டிருக்கேன்."

"பேசு, யாரு வேணாம்னா? இத்தினி நாளு இன்னாத்துக்கு மாடில போயி கொசுக்கடி வாங்கினே?" என்று சொல்லிவிட்டு, கூடையோடு போய்விட்டாள்.

"கேட்டுச்சு," என்றாள் அதீபா.

"ம்."

"ரெண்டுன்னு நீங்களா சொன்னீங்க. நான் அஞ்சாறு இருக்கும்னு நெனச்சேன்." பிறகு, "அத்தாகிட்ட பேச வேண்டியத நான் இன்னும் பேசல. இனிமே பேச வேணாம்னு பாக்கறேன். அந்தப் போலீஸ்காரர் கதை எதுவரைக்கும் சொன்னேன், மச்சான்?"

மச்சான் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"விழுந்தாரு."

"தண்ணி தெளிச்சு எழுப்பினோம். எழுந்ததும் தன் கையப் புடிச்சுகிட்டு, 'அவ்ளோதானா, முடிஞ்சுதா?'ன்னு கேக்குறாரு. நான் இன்னும் ஊசியவே பிரிக்கல."

முஜீப் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று சமையலறையிலிருந்து ராபியா கேட்டாள். போனைக் காதில் வைத்தபடியே அம்மாவுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். ஆறடி என்று அவன் சொன்னதை ஆறேகால் என்று அதீபா திருத்தினாள்.