சூடத்துக்கும் அலறிய அலாரம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எதிரியின் ஏவுகணை வருவதாக ரேடார் சொன்னதுமே, அது விழும்முன் நம்முடையதை ஏவிவிடுவது நல்ல கொள்கையா என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். (மனசால்தான்.)

2.
முதல் தொடக்கம்: ‘வல்லம் வடகால் வானில் செந்நிற மேகங்கள்...’ வேண்டாம். கதையில் மேகத்துக்கு வேலையில்லை.

இன்னொன்று: கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி. கண்ட்ரோல் ரூமில் அம்சவல்லி, அவள் முன்னால் ஒரு சிவப்பு பட்டன். அழுத்தினால் பக்கத்துப் பெயின்ட் கூடத்தில் வாயு நிரம்பித் தீ அணையும். உள்ளே ஆளிருந்தால் மூச்சு முட்டிச் சாவார். தீ பரவிவிட்டால் இந்த அறையும் பட்டனும் சேர்ந்து எரியும். ஆகவே விதி: அலாரம் அடித்தால் யோசிக்காதே, அழுத்து.

(என் கட்டுரையும் இதுதான். அடி விழுந்தால் எதுவும் மிஞ்சாது என்று பயப்படும் நாடு அவசரப்படும். எதிரி அஞ்சுவான், சரி. பொய் அலாரத்துக்கு நாமும் அஞ்ச வேண்டும். கடலுக்கடியில் நாலைந்து ஏவுகணைகளை ஒளித்து வைத்த நாடு பொறுத்துப் பார்க்கலாம்.)

3.
ஆயுத பூஜை. உற்பத்தி லைன் ஓடவில்லை. கேட்டில் பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் அலாரம் அலறியது. கண்ணாடிக்கு அப்பால் புகை. அம்சவல்லி விரலைப் பட்டன்மேல் வைத்தபடி வாக்கிடாக்கியில் கத்தினாள்.

“உள்ள யாருனா கீறீங்களா?”

மறுபடியும் கத்தினாள்.

முடிவு அ: அவள் அழுத்

என்னால் எழுத முடியவில்லை. உள்ளே இருப்பவன் அவள் புருஷன் ராஜசேகர்.

முடிவு ஆ: விதியை மீறிக் காத்திருந்தாள். கடைசியில் குரல் வந்தது.

“இன்னாமே கூவிகினு கீற? ஒரு கைல தட்டு, ஒரு கைல மணி, எப்டி பேசறது? எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சாங்க, என் ரோபோவ மட்டும் வுட்டுட்டாங்க. சூடம் காட்டிகினு கீறேன்.”

“யோவ், வெளிய வாய்யா! இன்னொரு செகண்டு போயிருந்தா உன்ன நானே...” அழுதுவிட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள்.

4.
‘தீ எட்டாத கேட்டாண்ட இன்னொரு பட்டன் வைங்க, நிதானமா பாத்து அழுத்தறேன்’ என்று அம்சவல்லி கேட்டிருக்கிறாள். இன்னும் வைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை. ராஜசேகர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அம்சவல்லி லீவு. அலாரம் அடிக்கிறது. தீயா, சூடமா, நான் சொல்ல மாட்டேன்.

பட்டனுக்கு முன்னால் அவள் நாற்காலியில் இருப்பது நீங்கள்.