கழற்ற முடியாத இரண்டு கம்பிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த மூலதனமெல்லாம் ஒரு மனிதரின் கைதான். என் மாடியிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். ஒருவர் தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தி இறங்குவார். கூரைமேல் குறுக்கே மாட்டியிருக்கும் கேரியர் கம்பியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். அசையாது. சுற்றிப் போய் அந்தப் பக்கமும் ஓர் ஆட்டு. அதன் பிறகுதான் வீட்டுக்குப் போவார். மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் மனசை என்னவோ செய்தது. பேச ஆளில்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி, மாடியிலிருந்து கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் சொந்தமாகிவிடுவார்கள்.

அவரோடு நான் பேசியது ஒரே ஒரு தடவை. "குறுக்க நிக்கற வண்டி உங்களுதா?" என்றார். எனக்கு வண்டியே கிடையாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் இட்டுக்கட்டு. அந்த மனிதர் மேல் பழி இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

மனைவி இறந்த பிறகு அவர் ஒவ்வொரு நாளும்—

அடித்துவிட்டேன். என் கதைகளில் தனியாக இருக்கிற ஆண் எவனுக்கும் பெண்டாட்டி உயிரோடு இருப்பதில்லை. எத்தனை பேரைத்தான் நான் சாகடிப்பது? இந்த அம்மா இருக்கட்டும். வெளியூரில் மகள் வீட்டில், நல்லபடியாகவே இருக்கட்டும்.

2

வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டுவது அவர் தொழில். கர்ட்டன்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஏணியும் நீளமான ராடுகளும் காருக்குள் அடங்காது. அதற்காகத்தான் கேரியர்.

பேரன் பிறந்தபோது மகளுக்குக் கைத்துணையாகப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசவாவது யாராவது போயிருப்பார்கள்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் கேரியரைக் காணோம். கூரையில் நான்கு கால்கள் நின்ற தடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கர்ட்டன்காரர் ஏணியோடு நின்றார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தார். 'சரி, வேற வாங்கிக்குங்கப்பா' என்பாள் மகள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

(இங்கே திருடனைப் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். அவனுக்கும் ஒரு குடும்பம், ஒரு நியாயம் என்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதையை அவனே கொண்டுபோய்விடுவான் போலிருந்தது. கேரியரோடு போதும் என்று அனுப்பிவிட்டேன்.)

3

உதிரிபாகக் கடைக்காரர் புதுக் கேரியரின் இரண்டு கம்பிகளையும் பலகைமேல் வைத்தார்.

"பூட்டோடதான் வருது. போல்ட்ட மறைக்கற மூடியில சாவி போடணும்."

"பூட்டு போட்டா போதுமா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்ல மாட்டேன் சார். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா மூடி வந்துரும். உங்களுக்கு அவ்வளவு பயம்னா ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு ட்யூப்ல வருமே, கலந்து ஊத்தற பசை, அத போல்ட் குழில ஊத்திருங்க. போல்ட்ட முறுக்கற எந்தச் சாவியும் இறங்காது. ஆனா பாத்துக்குங்க, அப்புறம் உங்களாலயும் கழட்ட முடியாது."

"நான் எதுக்குக் கழட்டப் போறேன்?"

பசையையும் வாங்கிக்கொண்டார்.

கேரியர் மாட்டுவது இரண்டு ஆள் வேலை. இது எனக்குத் தெரியாது, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு கதவையும் திறந்து வைக்க வேண்டும். கம்பியின் கால்களில் உள்ள கொக்கிகள் கதவுக்கு மேலே கூரையின் விளிம்பைக் கவ்வும். இந்தப் பக்கம் ஒருவர் முறுக்க, அந்தப் பக்கம் ஒருவர் முறுக்க, இரண்டும் ஒன்றாக இறுக வேண்டும். ஒரு பக்கமே முறுக்கினால் கம்பி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கர்ட்டன்காரர் இங்கே இரண்டு சுற்று முறுக்கினார், சுற்றி ஓடிப்போய் அங்கே இரண்டு சுற்று முறுக்கினார். திரும்ப இங்கே. பின்கதவுகளைத் திறந்து எவ்வளவு காலமாயிற்றோ, கீல் முனகியது. பழைய கேரியர் மாட்டியபோது அந்தப் பக்கம் மனைவி நின்றார். பழக்கதோஷத்தில் கர்ட்டன்காரர் இப்போதும், "அங்க சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது காதில் விழுந்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சுற்றிப் போய்ப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

4

மகள் போன் செய்தாள். அவளாகவே கூப்பிட்டது அவருக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"ஒண்ணும் இல்லப்பா. நாங்க வீடு மாத்தறோம். கட்டில், அலமாரி எல்லாம் பிரிச்சு எங்க கார் மேலயே கட்டிக் கொண்டு போயிரலாம்னு அவர் சொல்றார். அதே மாடல் கார்தானே, உங்க கேரியர் இதுக்கும் சேருமாம்."

"சேரும், சேரும். எப்ப வரணும்?"

"ஐயோ, நீங்க எதுக்குப்பா அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு? கழட்டி பார்சல்ல போட்டு விட்ருங்க. வேலை முடிஞ்சதும் திருப்பி அனுப்பிடறோம்."

அவள் பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது. கம்பி வேண்டும், காரும் ஆளும் வேண்டாம்.

கர்ட்டன்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். "கழட்ட முடியாதும்மா. திருட்டு போகுதுன்னு பசை ஊத்திட்டேன். வந்தா காரோடதான் வரும்."

"பசையா?" என்றாள் மகள். "சரி, அம்மாகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

5

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பசையை எப்போது ஊற்றினார்? மகள் கூப்பிடும் முன்பே ஊற்றியிருந்தால் அவர் சொன்னது உண்மை. முதலில் அப்படித்தான் எழுதினேன்: கேரியரை மாட்டிய கையோடு அவர் பசையைக் கலந்து— வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. என் மாடியிலிருந்து நான் பார்த்த கை பயத்தின் கை மாதிரி இல்லை.

ஆகவே இப்படி மாற்றிவிட்டேன். போனை வைத்தபோது பசை ட்யூப்புகள் காரில் பிரிக்காமலே கிடந்தன. சொன்னது பச்சைப் பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நேராகக் கீழே இறங்கி வந்தார். நல்ல வெயில். நான்கு கதவையும் திறந்தார். பசையைக் கலந்து, ஒவ்வொரு போல்ட் குழியாக, வழியாமல் நிரப்பினார். அது இறுகும்வரை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு விரலால் தட்டிப் பார்த்தார். கல். இப்போது அவர் பொய்யர் இல்லை. மகளிடம் சொன்னது மெய்யாகிவிட்டது.

எழுதிவிட்டு எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வேண்டும் என்று கேட்கத் தெரியாத மனிதர், என்னைப் போல.

6

திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். சுவரில் துளை போடாமல் எவனாவது கர்ட்டன் மாட்ட முடியுமா? இவரிடம் டிரில் இருக்கிறது. இரும்பைத் துளைக்கிற முனையை மாட்டினால் நான்கு போல்ட்டும் மதியத்துக்குள் வெளியே வந்துவிடும்.

அவரைத் தையல்காரராக்கிவிடலாமா என்று பார்த்தேன். தையல்காரருக்கு ஏணி எதற்கு? விட்டுவிட்டேன்.

இந்த ஓட்டை மகளுக்குத் தெரியாது. மருமகனுக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்கு? மகள் வீட்டுக்குப் போகும்வரை, சுவர்த்தூசியோடு வீட்டுக்குள் வந்த அந்த டிரில் பெட்டியைத் திட்டித் திட்டித் துடைத்தவரே அவர்தானே.

மறுநாள் போன் வருகிறது. மகளின் எண், மனைவியின் குரல்.

"கழட்ட முடியாதாமே?"

"ஆமா."

"பசையா ஊத்துனீங்க?"

"ஆமா. கல்லு மாதிரி ஆயிருச்சு."

அவருக்குத் தெரியும், அந்த அம்மா எதை நினைக்கிறார் என்று.

அடுத்த வரியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அந்த அம்மா, "டிரில்லு என்னாச்சு?" என்று கேட்கிறார். இவர் துளைத்தெடுத்துப் பார்சல் கட்டுகிறார். இன்னொன்றில் சிரித்துவிடுகிறார். அது எனக்கே நம்பிக்கையாக இல்லை. மூன்றாவதில், "பாத்து ஓட்டிட்டு வாங்க" என்கிறார். அதை எழுதி, பல தடவை படித்து, அடித்துவிட்டேன். அது கர்ட்டன்காரருக்காக எழுதிய வரி இல்லை, எனக்காக எழுதியது.

ஆகவே என்னால் ஆகாது. நீங்களே பேசுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அவர் வண்டியைக் கழுவிவிட்டார், இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

அந்த அம்மாவின் பக்கத்துப் போன் இப்போது உங்கள் கையில். டிரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கேட்பீர்களா?