பின்னேரத்து ஒன்பதாம் இலக்கம்

என் இரண்டு சிறுநீரகங்களுக்கும் ஆய்வுகூடத்தில் போட்ட விலை ஆயிரத்து எண்ணூறு ரூபா. இரத்தம், மூத்திரம் இரண்டும் சேர்த்து. அங்கிருந்த பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்டா எடுக்கிறனான், கொஞ்சம் குறைக்க ஏலாதா மகள்?"

"சப்பாத்துக் கடை நானா, இது உங்கட கடை இல்ல. போத்தலை நிரப்பிக்கொண்டு வாங்க."

நிரப்பினேன். மேலே சோடா போல நுரை. சோடா நுரை அடங்கிவிடும், இது அடங்கவில்லை.

சீனி வருத்தத்தில் நான் இலாபத்தில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பதினாறு வருடமாக இருநூறை விட்டு இறங்காத இரத்தச் சீனி, அதே இன்சுலின் ஊசிக்கு, மூன்று மாதமாகத் தானாகவே நூறு, தொண்ணூறு என்று இறங்கி வந்தது. விலை இறங்கினால் எந்த யாவாரியும் காரணம் கேட்கமாட்டான்.

அந்த நினைப்பைக் குழப்பி என்னை ஆய்வுகூடம் வரை கொண்டுபோனது சப்பாத்து. காலையில் புதுச் சரக்கிலிருந்து எட்டாம் இலக்கம் ஒன்றைப் போட்டேன், அளவாக இருந்தது. பின்னேரம் கடித்தது. கொழும்பு மொத்தக் கடைக்காரனிடம், "ஏழாம் இலக்கத்தை எட்டெண்டு அடிச்சு அனுப்பியிருக்கிறீங்க" என்று கத்தி, நாற்பது சோடியையும் திருப்பி அனுப்பினேன். அடுத்த சரக்கிலும் அதே கதை. கடைக்கு வந்திருந்த மனைவி ரபீக்கா, கால் அளக்கும் பலகையை இழுத்து என் காலுக்குக் கீழே வைத்தாள். ஒன்பது. கணுக்காலில் பெருவிரலை அமத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"முப்பது வருசமா ஊராக்கள்ர கால அளந்து திண்டம். சொந்தக் கால் தெரியல்லியே உங்களுக்கு?"

ஓர்ஸ் ஹில் கிளினிக்கில் டொக்டர் ஆனந்தராசா ஆய்வுகூடத் தாள்களைப் புரட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"சீனி நல்லா இறங்கிட்டுது டொக்டர்."

"அதுதான் பயமாக் கிடக்கு. கிட்னி பழுதானால் போட்ட ஊசிமருந்து கெதியாக் கழியாது. உள்ளுக்கயே நிண்டு சீனியை விழுத்தும். விடிய வேர்த்துக் கை நடுங்கினதோ?"

நடுங்கியது. பசி என்று வாழைப்பழம் தின்றேன்.

எது நல்ல செய்தி, எது கெட்டது என்று பிடிபடவில்லை. சதை வைக்கிறேன் என்று சனம் புகழ்ந்தது தண்ணீராம். முழங்கால் நோவுக்கு நானே வாங்கிப் போட்ட குளிசையும் கிட்னியைத்தான் தின்றிருக்கும் என்றார்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"நாலில ஒரு பங்கு. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஊசியைக் குறைச்சு எழுதிறன், நீங்களா நிப்பாட்டாதீங்க. நோக்குளிசை, கருவாடு ரெண்டையும் விடுங்க. மூண்டு நாளைக்குக் குடிக்கிறதையும் கழிக்கிறதையும் அளந்து எழுதுங்க. வேர்வைக்கு அரை லீட்டர் விடலாம். அதுக்கு மேல உள்ளுக்க நிண்டால் உடனே வாங்க."

மூன்றாம் நாள், சப்பாத்துப் பெட்டி மூடியில் எழுதிய அன்றைய கணக்கை ரபீக்காவுக்கு முன்னால் கூட்டினேன். வேறு விடை வருமோ என்று இன்னொருமுறை கூட்டினேன். அவள் ஒரு எட்டாம் இலக்கத்தைக் காலடியில் வைத்தாள். குதிக்கால் வெளியே நின்றது.

குடித்தது 1600 மில்லி. போனது 700. வேர்வைக்கு 500. உள்ளே பாக்கி 400.