மீந்த தண்ணீர்

…கையால் தூக்கினாலே தெரிந்துவிடுமாம், நேற்று அப்படித்தான் சொன்னார் அந்த மனிதர், ஆனால் ஒருவருடைய கைக்கணக்கை நம்பி இரண்டு வருட ஆராய்ச்சியைக் கவிழ்க்க முடியுமா, தராசில் வைத்தாக வேண்டும், அதுவும் தன் கையாலேயே வைத்தாக வேண்டும், அதற்காகத்தான் பேராசிரியர் காலை எட்டரை மணிக்கே விலங்குக் கூடத்துக்கு வந்து, முகமூடியும் இரண்டு அடுக்குக் கையுறையும் மாட்டிக்கொண்டு, எலிக் கூண்டுகளின் தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து எத்தனை மாதம் இருக்கும்… எலிகள் அவரிடம் கண்ணாடித் தகடுகளாகத்தான் வந்து சேரும், உணவுக்குழாயின் ஒரு மெல்லிய சீவல், சாயம் ஏறி, நெடி இல்லாமல், சத்தம் இல்லாமல். இங்கேயோ மரத்தூளும் மூத்திரமும் கலந்து மூக்கைத் துளைக்கிறது, நாற்பது கூண்டுகளிலும் ஓயாத சுரண்டல். பக்கத்தில் நிற்கிற கூண்டுக்காரருக்கு அது எதுவும் உறைப்பதாகத் தெரியவில்லை. நிறுவனத்தில் எல்லோரும் அவரைக் கூண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், கூண்டு கழுவி, தீனி வைத்து, தண்ணீர் மாற்றுகிறவர். "நூத்தி அறுபத்தெட்டு, சார்" என்கிறார். அடுத்தது, "நூத்தி எழுபத்தொண்ணு." இது இடதுபக்க அடுக்கு, அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்பின் கலந்த தண்ணீர். வலதுபக்க அடுக்கு முடிந்துவிட்டது, அங்கே எந்தப் புட்டியிலும் நூறு கிராமுக்கு மேல் மீதி இல்லை.

இதைவிட வெட்டவெளிச்சமாக ஒன்று இருக்க முடியுமா? இரண்டு அடுக்குகளின் தண்ணீரிலும் புற்றை வரவழைக்கும் மருந்து ஒரே அளவில் கலந்திருக்கிறது, இடதுபக்கத்தில் மட்டும் கூடவே மார்பின், மார்பின் வாங்கிய எலிகளுக்கு உணவுக்குழாயில் புற்று கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கேள்வி. முதல் தொகுதி எலிகளில் குறைந்தது, பாதியாகக் குறைந்தது, அவரே கூசும்படி அழகான முடிவு. மார்பின் கசக்கும். கசக்கிற தண்ணீரை எலி குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் புற்று மருந்தும் குறைவாகத்தானே உள்ளே போகும்… மார்பின் எதையும் தடுக்கவில்லை, கசப்பு தடுத்தது. முதல் வருட மாணவன்கூடக் கேட்டிருப்பான், எவ்வளவு குடித்தது என்று. அவர் தயாரித்த படிவத்தில் எவ்வளவு ஊற்றினோம் என்பதற்குக் கட்டம் இருந்தது, எவ்வளவு மீந்தது என்பதற்கு இல்லை. மீந்த தண்ணீரைக் கழிவுக்கான மஞ்சள் பீப்பாயில் கொட்டியது கூண்டுக்காரரின் இந்தக் கைகள்தான், இரண்டாம் மாதமே வந்து சொன்னதும் இவர்தான், "சார், இந்தப் பக்கத்துப் புட்டியெல்லாம் கனமாவே திரும்புது." என்ன பதில் சொன்னோம்? "சொன்ன வேலைய மட்டும் பாருங்க." அவரும் சரி சார் என்று போய்விட்டார், போய், பழைய காலண்டர் தாள்களின் முதுகில், புட்டி வாரியாக, முக்கால், அரை, கால் என்று பென்சிலால் இரண்டு வருடம் குறித்து வைத்திருக்கிறார். நேற்று மாலை அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆய்வுக் குழுவுல படிக்கப் போறீங்கன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க சார், கையால தூக்கினாலே தெரியும்." அவ்வளவுதான். நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை, அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு உரிமை இருந்தது.

படித்திருந்தால்? நாலு பேர் முன்னால் மூக்கு உடைபட்டிருக்கும், இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம், வேறு ஏதோ ஆய்வகத்தில் யாரோ ஒருவர் தண்ணீரை அளந்து பார்த்த அன்றைக்கு. அப்பாவின் பெயருக்குப் பின்னால்தானே தன் பெயர் நிற்கிறது, எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் முதல் எழுத்தாக அப்பா… ஆனால் அப்பாவுக்காகத்தான் இந்த முடிவைக் கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டோம் என்பதை யாரிடம் சொல்வது? அப்பா தலைமையாசிரியர், அவர் நடந்து வந்தால் தெருவே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்ளும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியைத் திறந்து மிளகு அளவில் ஒரு கறுப்பு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், முப்பது வருடம், வீட்டில் அதற்குப் பெயர் வயிற்று மருந்து. அபின் என்ற சொல்லை அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதே இல்லை. பிறகு உணவுக்குழாயில் புற்று, சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சி இறங்கவில்லை, பிறகு தண்ணீர். ஏதாவது பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது, மூத்த மகன், பேராசிரியர், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார், "எங்கப்பா டீகூட அளவாத்தான் குடிப்பார்." எலிகள் மட்டும் அந்தத் தீர்ப்பைக் கொடுத்திருந்தால், அந்த உருண்டை அப்பாவைக் கெடுக்கவில்லை, காத்தது என்று ஆகியிருக்கும், யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் ஒரு மாலை போட்டிருக்கலாம்.

"நூத்தி அறுபத்தொண்ணு, சார்." சார். வேறு என்ன சொல்வார், தங்கையின் கணவர் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அறைக்கு வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "இங்க நீங்க யாரோ, நான் யாரோ" என்றது யார்? தங்கை தானாகத் தேடிக்கொண்ட கல்யாணம், அப்பா போகவில்லை, தானும் போகவில்லை, கூண்டு கழுவுகிறவன் இந்த வீட்டு மாப்பிள்ளையா என்று அப்பா கேட்டதோடு சரி. அதே அப்பாவைக் கடைசி மூன்று மாதம் தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் இதே கைகள். அப்பாவும் விட்டுக்கொடுக்கவில்லை, "பல்லக்குத் தூக்கற மாதிரி தூக்குய்யா, மூட்டை தூக்கற மாதிரி தூக்காதே" என்று கடைசிவரை அதட்டினார். "பல்லக்குன்னா நாலு பேர் வேணும் மாமா, நான் ஒருத்தன்தானே இருக்கேன்" என்றார் இவர், அப்பா சிரித்துவிட்டார், அந்த மூன்று மாதத்தில் ஒரே சிரிப்பு. அப்போது தான் எங்கே இருந்தோம்? அறைக்கு வெளியே நாற்காலியில், மருத்துவர்களிடம் மருத்துவராகப் பேசிக்கொண்டு.

ஒன்று மட்டும் பத்து வருடமாக உறுத்துகிறது. வலிக்கு மார்பின் போட்டார்கள், கேட்கவில்லை, இரண்டு நாள் அப்பா முனகிய முனகல்… மூன்றாம் நாள் அளவைக் கூட்டினார்கள், மெல்ல மெல்ல இல்லை, ஒரேயடியாக, வலி அடங்கி அப்பா தூங்கினார். பேராசிரியரின் தகப்பனார் என்ற மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டோம். அப்படியெல்லாம் மரியாதைக்காக மார்பினை இரட்டிப்பாக்குவார்களா? முப்பது வருடம் அபின் பழகிய உடம்புக்குச் சாதாரண அளவு எந்த மூலைக்கு, அது தனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புட்டியைத் தராசிலேயே விட்டுவிட்டு, முகம் பார்க்காமல் கேட்கிறார் பேராசிரியர், "அன்னைக்கு… நர்ஸம்மாகிட்ட சொன்னது நீங்களா?"

எந்த அன்னைக்கு என்று கூண்டுக்காரர் கேட்கவில்லை. "ஆமா சார். யாராவது சொல்லணுமே. வெளிய விடாதீங்கம்மா, பெரிய குடும்பம்னேன். அந்தம்மாவும் விடல."

பெரிய குடும்பம். அதைக் கட்டிக் காத்ததாக நினைத்தது ஒருவர், காத்தது வேறொருவர், வலியையும் நிறுத்தி, பெயரையும் கெடவிடாமல்… முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று. நன்றி என்று சொல்லலாம், சொன்னால் அந்தச் சொல் இந்த அறையில் எவ்வளவு சின்னதாகக் கேட்கும், பீப்பாயில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி. "அப்பாவுக்கு அந்த உருண்டையாலதான் வந்துச்சோ என்னவோ" என்றுதான் வாயில் வருகிறது, எலியைப் பார்த்தபடி. "அப்படின்னு இந்தக் கணக்கு சொல்லலையே சார்" என்கிறார் கூண்டுக்காரர், "இல்லைன்னும் சொல்லல. இன்னும் தெரியலன்னுதானே சொல்லுது. தண்ணிய அளந்து குடுத்து மறுபடி பாப்போம். எலி எங்க ஓடிப் போகப் போகுது?" இரண்டு வருட உழைப்பு கைவிட்டுப் போகிறது, ஆனாலும் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முதுகு நாற்காலி இல்லாமலே நேராக நிற்கிறது, பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு இளைய டாக்டர் வருகிறாள், அவருடைய துறையில் தகடுகளுக்கு எண் போடுகிறவள், கையில் குறிப்பேடு. எடைப் பட்டியலைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் வாடிவிட்டது, ஆனால் புத்திசாலி, சட்டென்று பேனாவைத் திறக்கிறாள். "குழுகிட்ட இன்னைக்கே சொல்லிடுவோம் சார், முடிவ நிறுத்தி வைக்கறோம்னு. யார் கண்டுபிடிச்சது?" மறுபரிசீலனையில் தெரியவந்தது என்று சொல்லலாம், யாரும் இல்லாத அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, எத்தனை அறிக்கையில் எழுதிய வாக்கியம். "இவர்தான்" என்கிறார் பேராசிரியர். அப்புறம், நிறுத்த நினைப்பதற்குள், "என் தங்கச்சி வீட்டுக்காரர்."

கூண்டுக்காரர் பீப்பாய்ப் பக்கம் திரும்பி, ஊற்றியது போதாதென்று காலிப் புட்டியை இன்னும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "சார்! சொல்லவே இல்லையே!" அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?" "யாரும் கேக்கலையே மேடம்" என்று பதில் வருகிறது, முதுகைக் காட்டியபடியே, குரல் மட்டும் லேசாக உடைந்து. அவள் சிரித்துக்கொண்டே அவருடைய பெயரைக் குறிப்பேட்டில் எழுதுகிறாள், பெயருக்கு முன்னால் பேனா நிற்கிறது. "இனிஷியல் என்ன சார்?" கேள்வி பேராசிரியரிடம்தான், வீட்டு மனிதர் ஆயிற்றே.

இனிஷியல்… அவருடைய அப்பாவின் முதல் எழுத்து. அவருக்கும் ஓர் அப்பா இருந்திருப்பாரே, என்ன வேலை பார்த்தார், இருக்கிறாரா, போய்விட்டாரா, போயிருந்தால் எப்போது, அந்தச் சாவுக்குத் தங்கை அழுதிருப்பாளே, யாராவது வந்து சொன்னார்களா, சொல்ல விட்டோமா? கல்யாணப் பத்திரிகையை அன்றைக்குப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியாயிற்று, அதில் இருந்திருக்கும், இன்னாருடைய மகன் என்று. "மாப்ளே…" என்று கூப்பிட்டுவிட்டார், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அந்த மனிதரும் புட்டியோடு திரும்பிவிட்டார், கண்ணெல்லாம் எதிர்பார்ப்பு. உங்கப்பா பேரு என்ன என்று இந்த நேரத்தில், இந்த முகத்தைப் பார்த்து, எப்படிக் கேட்பது…